சட்டத்துக்கு முன்னால் நடந்தவர்கள்

சோமாலிய மருத்துவச்சி எட்னா அடான் இஸ்மாயில் 1997-ல் உலக சுகாதார நிறுவன வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 60. கையில் சேமிப்பு இருந்தது, மாதாமாதம் ஓய்வூதியம் வரும். எந்த ஐரோப்பிய நகரத்திலும் நிம்மதியாகக் காலம் தள்ளியிருக்கலாம். அவர் கிளம்பிப் போனது சோமாலியாவின் வடக்கே, பிறந்த ஊரான ஹர்கெய்சாவுக்கு. 1988-ல் அந்த ஊரின் விமான நிலையத்திலிருந்தே கிளம்பிய சோமாலிய அரசு விமானங்கள் அந்த ஊர் மீதே குண்டு வீசியிருந்தன. வீடுகளுக்குக் கூரை இல்லை, சுற்றுப்புறமெங்கும் கண்ணிவெடி. மருத்துவர்களும் செவிலியர்களும் செத்தவர்கள் போக மிச்சம் பேர் நாட்டைவிட்டே போயிருந்தார்கள். 1991-ல் அந்த வடபகுதி சோமாலியாவிலிருந்து பிரிந்து, சோமாலிலாந்து என்று தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்டது, உலகம் ஏற்கவில்லை. ஏற்காத நாட்டுக்கு உலக வங்கிக் கடனும் வராது, பெரிய நாடுகளின் நேரடி உதவியும் வராது. அங்கே போய், பிரசவ மருத்துவமனை கட்டப்போகிறேன் என்றார் எட்னா.

நான் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் நெடுங்காலம் செவிலியராக இருந்தவள். ஆப்பிரிக்கப் பெண் தலைவர்கள் என்றால் நம் பத்திரிகைகளில் வருவது வங்காரி மாத்தாய், எல்லன் ஜான்சன் சர்லீஃப் என்று நோபல் பரிசு தேடிப்போன பெயர்கள். அவர்கள் மீது எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் என் வேலைக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் வேறு சிலர். ஒரு மருத்துவச்சி, ஒரு கிராமத் தலைவி, கணவனைப் பறிகொடுத்த ஒரு பிசியோதெரபிஸ்ட், காம்பியாவில் நாற்பது வருடமாக ஊர் ஊராகப் போய்ப் பேசியவர்கள். இவர்களைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதிப்பட்டது. இவர்கள் யாரும் சட்டம் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. ஊர் ஏற்கெனவே மதிக்கிற ஓர் இடத்தில் நின்றுகொண்டு அங்கிருந்து பேசினார்கள். சட்டம் பிறகு வந்து சேர்ந்தது. சில இடங்களில் இன்னும் வரவில்லை.

எட்னாவிலிருந்தே தொடங்குகிறேன், அவர் கதை எனக்கு மிக நெருக்கம்.

1937-ல் பிறந்தவர். அப்போது அது பிரிட்டிஷ் சோமாலிலாந்து. அப்பா அடான் இஸ்மாயில் ஹர்கெய்சா மருத்துவமனையில் வேலை பார்த்தவர். மருத்துவம் கற்ற முதல் சோமாலியர்களில் ஒருவர். விடுமுறை நாட்களில் மகள் அப்பாவோடு மருத்துவமனைக்குப் போவாள். பழைய துணியைக் கிழித்துக் கட்டுத்துணி சுருட்டுவாள், கருவிகளைக் கழுவி வைப்பாள். அப்பாவுக்கு எப்போதும் மருந்து போதாது, துணி போதாது, ஆள் போதாது. என் அப்பா வேலை செய்ய ஆசைப்பட்டிருக்கக்கூடிய ஒரு மருத்துவமனையைக் கட்டவேண்டும் என்ற நினைப்பு அங்கேதான் விழுந்தது என்று எட்னா பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ஏழெட்டு வயதில், அப்பா ஊரில் இல்லாத நாளில், அம்மாவும் பாட்டியும் ஏற்பாடு செய்து அந்தச் சிறுமியை உட்காரவைத்து உறுப்பை அறுத்துத் தைத்துவிட்டார்கள். அவர்களுக்கு அது கொடுமையாகத் தெரியவில்லை, பெண்ணுக்குச் செய்யவேண்டிய கடமை. ஊர் திரும்பிய அப்பா நடந்ததை அறிந்து கொதித்துப்போனார். அந்தக் கோபம்தான் மகளின் மனதில் பதிந்தது. எல்லாரும் சரி என்று சொன்ன ஒரு காரியத்தை வீட்டிலேயே ஒருவர் தப்பு என்றார். அது தப்பாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் ஒரு குழந்தைக்கு அப்படித்தான் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஹர்கெய்சாவில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. பையன்களுக்காக அப்பா ஏற்பாடு செய்த வாத்தியாரிடம் அவளும் உட்கார்ந்து எழுதப் படிக்கக் கற்றாள். பிறகு ஜிபூட்டியில் பிரெஞ்சுப் பள்ளி. 1954-ல் உதவித்தொகையுடன் லண்டன். பிரிட்டனுக்குப் படிக்க அனுப்பப்பட்ட முதல் சோமாலியப் பெண் அவர்தான். செவிலியம், மருத்துவச்சிப் பயிற்சி இரண்டையும் முடித்துக்கொண்டு 1961-ல் நாடு திரும்பினார். தகுதிபெற்ற மருத்துவச்சியாக அந்த நாட்டில் அவர் முதல் ஆள். காரோட்டிய முதல் சோமாலியப் பெண்ணும் அவரே. பிறகு அரசியல்வாதி முகமது ஹாஜி இப்ராஹிம் எகாலை மணந்தார். எகால் 1967-ல் சோமாலியப் பிரதமர் ஆனார். 1969-ல் ராணுவப் புரட்சி. கணவர் சிறைக்குப் போக, எட்னா வீட்டுக் காவலில். இதையெல்லாம் விரித்தால் தனிப் புத்தகம் ஆகும். நான் வார்டுக்குத் திரும்புகிறேன்.

சோமாலியப் பெண்களுக்குச் செய்யப்படுவது பெண் உறுப்புச் சிதைப்பின் மிகக் கடுமையான வகை. உலக சுகாதார நிறுவனம் அதை மூன்றாம் வகை என்று பிரிக்கிறது. வெளி உறுப்புகளை அறுத்து எடுத்துவிட்டு இரு பக்கத்தையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். சிறுநீரும் மாதவிடாய் ரத்தமும் வெளியேற ஒரு சின்னத் துவாரம் மட்டும் இருக்கும். தைத்த இடம் ஆறி இறுகிப் பலகைபோல் ஆகிவிடும். இப்போது அந்தப் பெண் பிரசவ மேசையில் படுத்திருக்கிறாள். கருப்பை வாய் முழுக்கத் திறந்தாயிற்று, வலி வருகிறது, முக்குகிறாள், குழந்தையின் தலை இறங்கிவிட்டது. சாதாரணமாக அந்த நேரத்தில் சதை விரிந்து கொடுக்கும். தழும்பு விரியாது. தலை அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். நாங்கள் எபிசியாட்டமி, அதாவது பிரசவ வழியை அகலப்படுத்தும் கீறல், போடுவது பின்பக்கமாக, சாய்த்து. அங்கே மருத்துவச்சி முன்பக்கமாக மேல்நோக்கி அந்தத் தழும்பைக் கீறித் திறந்தாகவேண்டும், அதுவும் சரியான நொடியில். தாமதித்தால் தாறுமாறாகக் கிழியும், ரத்தம் நிற்காது, குழந்தைக்கு மூச்சு முட்டும். பயிற்சியே இல்லாத ஆள் பக்கத்தில் இருந்தால், அல்லது ஆளே இல்லாத பாலைவனக் கூடாரமாக இருந்தால், தாயும் போகலாம் பிள்ளையும் போகலாம். பிழைத்த தாய்க்குச் சிறுநீர் நிற்காமல் ஒழுகும் ஃபிஸ்டுலா மிஞ்சலாம்.

பிரசவம் முடிந்த பிறகும் விஷயம் முடிவதில்லை. பழையபடி தைத்துவிடுங்கள் என்று குடும்பத்தார் கேட்பார்கள். தைக்கமாட்டேன் என்று சொல்லும் இடத்தில் நிற்பவள் மருத்துவச்சி. இதை எழுதும்போது எனக்கு உடம்பு பதறுகிறது. ஒரு நோயைப் பற்றி மேடையில் பேசுவது ஒன்று. ரத்தக் கையோடு, களைத்துக் கிடக்கும் தாயின் காலடியில் நின்றுகொண்டு, வாசலில் காத்திருக்கும் மாமியாரிடம் முடியாது என்று சொல்வது வேறு.

1976-ல் எட்னா இதைப் பொதுவில் பேசினார். சுகாதார அமைச்சகத்தில் பெரிய பதவியில் இருந்தார் அப்போது. அதுவரை அந்த நாட்டில் பொதுமேடையில் யாரும் வாய் திறக்காத விஷயம். அரசியல்வாதியின் மனைவி பேசியிருந்தால் வாயை மூடு என்றிருப்பார்கள். பேசியவர் மருத்துவச்சி; கூடவே தொழுகை தவறாத முஸ்லிம். மார்க்கம் இதைக் கேட்கவில்லை என்று அவர் சொன்னபோது, வெளியூர்க்காரி சொல்லிவிட்டாள் என்று ஒதுக்கமுடியவில்லை. தனக்கும் அது நடந்தது என்று சொன்னபோது, உனக்கென்ன தெரியும் என்று கேட்க ஆளில்லை.

மருத்துவமனை கட்டுவது அவருடைய பழைய கனவு. 1980-களில் மொகடிஷுவில் ஒன்று கட்டத் தொடங்கினார். உள்நாட்டுப் போர் அதை விழுங்கிவிட்டது. ஹர்கெய்சாவில் இரண்டாம் முறை. அரசு கொடுத்த நிலம் ஊர்க் குப்பை கொட்டும் இடம். நல்ல இடம் பார்த்துத் தருகிறோம் என்றவர்களும் இருந்திருக்கலாம், ஆனால் சுற்றிலும் ஏழைகள் குடியிருக்கும் அந்த இடமே அவருக்குப் போதுமாயிற்று. சேமிப்பு, நகை, மெர்சிடிஸ் கார் எல்லாம் கட்டடத்துக்குப் போயின. சுவர் எழும்பியது, கூரைக்குப் பணமில்லை. கூரையில்லாத மருத்துவமனை பற்றி ஓர் அமெரிக்க நாளிதழில் வந்த செய்தியைப் படித்த வாசகர்கள் சிலர் திரட்டிக் கொடுத்த தொகையில் மீதி வேலை நடந்தது. உள்ளூர் வியாபாரிகளும் கொடுத்தார்கள். 2002 மார்ச்சில் மருத்துவமனை திறந்தது.

கட்டடம் முடியும்வரை அவர் காத்திருக்கவில்லை என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். கட்டில் வாங்கலாம், செவிலியரை எங்கே வாங்குவது? நாட்டில் ஆளே இல்லை. ஆகவே கட்டுமானம் நடக்கும்போதே பெண்பிள்ளைகளைச் சேர்த்துச் செவிலியர் பயிற்சியைத் தொடங்கிவிட்டார். கதவு திறந்த அன்றைக்கு உள்ளே நிற்க ஆள் தயார். மருத்துவமனை கட்டிவிட்டு ஆள் தேடி விளம்பரம் கொடுக்கும் நிர்வாகங்களைப் பார்த்தவள் நான். இந்த ஒரு காரியத்துக்காகவே அவரைக் கும்பிடலாம்.

அங்கே வந்த பெண்களிடம் அவர் கணக்கும் எடுத்தார். 2002 முதல் 2006 வரை மருத்துவமனைக்கு வந்த 4,000 பெண்களைப் பதிவு செய்ததில் 97 சதவீதம் பேருக்கு அறுப்பு நடந்திருந்தது. பெரும்பாலும் அந்த மூன்றாம் வகை. ‘எங்கோ நாடோடிகள் செய்வது’ என்று நகரத்துக்காரர்கள் தட்டிக்கழிக்க முடியாதபடி அந்தப் பதிவேடு உட்கார்ந்துகொண்டது. ஒரு தாய்க்குப் பெண்குழந்தை பிறந்தால், இந்தக் குழந்தைக்கு அதைச் செய்யாதே என்று சொல்ல மருத்துவச்சிக்கு வாய்ப்பான நேரம் அதுதான். தாய் தன் வலியை இன்னும் மறக்கவில்லை. பிரசவம் பார்த்தவள் சொல்கிறாள், காதில் ஏறும். தாயிடம் மட்டும் சொன்னால் போதாது, தகப்பன்மார்களிடமும் இமாம்களிடமும் பேசவேண்டும் என்பது எட்னாவின் கட்சி. பெண்கள் விவகாரம் என்று ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதால்தான் இது பிழைத்திருக்கிறது என்பார்.

2018-ல் சோமாலிலாந்தின் மத விவகார அமைச்சகம் மிகக் கடுமையான வகைக்கு எதிராக ஃபத்வா கொடுத்தது. எல்லா வகைக்கும் எதிரானது அல்ல, அதில் எனக்கு வருத்தம் உண்டு. முழுத் தடைக்கான சட்டத்துக்காக அங்குள்ளவர்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் 1976-லிருந்து 2018 வரைக்கும் அந்த மருத்துவச்சி பேசிக்கொண்டே இருந்தார், அரசு பிறகு ஓரடி எடுத்து வைத்தது. நடுவில் 2003-லிருந்து மூன்றாண்டு வெளியுறவு அமைச்சராகவும் இருந்தார். மருத்துவமனைப் பக்கத்தில் வளர்ந்த பயிற்சிப் பள்ளி இன்று எட்னா அடான் பல்கலைக்கழகம். ஆயிரம் மருத்துவச்சிகளைப் பயிற்றுவித்து நாடெங்கும் அனுப்பவேண்டும் என்பது அவர் வைத்துக்கொண்ட இலக்கு. 2023-ல் டெம்பிள்டன் பரிசு வந்தது, அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண். அவர் குடியிருப்பதும் மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயேதான்.

அவர் வசதியான வீட்டில் பிறந்தவர், பிரதமரின் மனைவியாக இருந்தவர், அதனால்தான் முடிந்தது என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான். வசதி இருந்தவர்கள் ஆயிரம் பேர் இருந்தார்கள் அந்த நாட்டில். பெரும்பாலோர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள்.

மலாவியின் தெரசா கச்சின்டமோட்டோவுக்குக் கிடைத்த இடம் வேறு மாதிரி. தலைமைக் குடும்பத்தில் 12 பிள்ளைகளில் கடைக்குட்டி. ஆட்சி தன் பக்கம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை. சோம்பா நகரில் ஒரு கல்லூரியில் 27 வருடம் செயலாளராக வேலை பார்த்தார், ஐந்து பையன்களுக்கு அம்மா. 2003-ல் டெட்சா மாவட்டத்திலிருந்து ஆள் வந்தது: நீதான் அடுத்த தலைவி, வா என்று. கச்சின்டமோட்டோ என்பது அந்தப் பதவியின் பெயரும்கூட. மலாவி ஏரியின் தெற்குக் கரையோரம் பல லட்சம் மக்கள் அந்தத் தலைமைக்குக் கீழே.

ஊருக்குள் சுற்றி வந்தபோது கையில் குழந்தையோடு 12 வயதுப் பெண்களைப் பார்த்தார். பக்கத்தில் பதின்வயதுக் கணவன். அன்றைக்கு மலாவியில் ஏறக்குறைய இரண்டில் ஒரு பெண் 18 வயதுக்கு முன்னே கல்யாணம் ஆனவள். காரணம் வறுமை, ஒரு வாய் குறையும், மாப்பிள்ளை வீட்டிலிருந்து சீர் வரும். பெற்றோரிடம் பேசிப் பார்த்தார், மசியவில்லை. அங்கே அவர் என்ன செய்தார் என்பதில்தான் எனக்குப் பெரிய பாடம் இருக்கிறது. பெற்றோரை விட்டுவிட்டுத் தனக்குக் கீழேயுள்ள 50 துணைத் தலைவர்களைப் பிடித்தார். வழக்கத்தின்படி கல்யாணங்கள் அவர்கள் சம்மதத்தோடுதான் நடக்கும். தங்கள் பகுதியில் குழந்தைத் திருமணம் நடக்கவிடமாட்டோம், நடந்திருந்தால் கலைப்போம் என்று எழுதிய உடன்படிக்கையில் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கினார். அதன் பிறகும் தங்கள் பகுதியில் நடக்கவிட்ட நான்கு தலைவர்களைப் பதவியிலிருந்து இறக்கினார். அவர்கள் போய் அந்தக் கல்யாணங்களைக் கலைத்துவிட்டு வந்து சொன்ன பிறகு, சரிபார்த்துத் திரும்ப அமர்த்தினார்.

2016 வாக்கில் கலைக்கப்பட்ட திருமணங்கள் 850-ஐத் தாண்டின. கலைத்தால் போதுமா? அந்தப் பெண் வீட்டில் சும்மா உட்கார்ந்தால் ஆறு மாதத்தில் மறுபடி மாப்பிள்ளை வருவான். ஆகவே பள்ளிக்கூடம். கட்டணம் கட்ட வழியில்லாதவர்களுக்குத் தன் கையிலிருந்தும் கொடுத்தார், கொடுப்பவர்களையும் தேடிப்பிடித்தார். பிள்ளைகள் பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறார்களா, யாராவது நிறுத்திவிட்டார்களா என்று கவனித்துச் சொல்லக் கிராமங்களில் பெற்றோர்களையே ரகசியமாக அமர்த்தியிருந்தார். பருவமடைந்த பெண்களை முகாமுக்கு அனுப்பி, அங்கே பாலியல் பழக்கத்துக்கு உட்படுத்தும் சடங்கு ஒன்று அந்தப் பக்கத்தில் உண்டு. எச்.ஐ.வி. பரவும் நாட்டில் அது சிறுமிக்கு மரண தண்டனையாகவும் ஆகலாம். அதையும் தடுத்தார். கொலை மிரட்டல்கள் வந்தன.

தேதிகளைப் பாருங்கள். மலாவி நாடாளுமன்றம் திருமண வயதை 18 ஆக்கியது 2015-ல். அரசியல் சட்டத்திலோ பெற்றோர் சம்மதம் இருந்தால் 15 வயதிலேயே கட்டலாம் என்ற ஓட்டை இருந்தது. அதை அடைத்தது 2017-ல். தலைவி அதற்கு முன்னாலேயே நூற்றுக்கணக்கான பெண்களைப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்.

இதில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. பரம்பரைத் தலைமை என்பது மக்கள் தேர்ந்தெடுப்பது அல்ல. நல்லவர் உட்கார்ந்தால் நல்லது நடக்கும். அடுத்து வருபவர் கையெழுத்துத் தாளைக் கிழித்துப் போட்டால் யார் கேட்பது? இதற்கு நேரடியான பதில் என்னிடம் இல்லை. ஆனால் 15 வயதில் கலைக்கப்பட்ட கல்யாணத்திலிருந்து வெளியே வந்து பள்ளி இறுதி முடித்த ஒரு பெண்ணைத் திரும்பப் பழைய இடத்துக்கு அனுப்புவது எளிதல்ல. தன் மகளுக்கு அவள் அதைச் செய்யவும் மாட்டாள். அந்தப் பெண்கள்தான் அந்த உடன்படிக்கைக்கு உண்மையான காவல்.

உகாண்டாவின் நோரீன் கலீபாவுக்கு நான் சொன்ன அந்த ‘ஊர் மதிக்கும் இடம்’கூட இருக்கவில்லை. கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில் பிசியோதெரபி பள்ளியின் தலைவராக இருந்தார், அது உண்மை. 1986-ல் இங்கிலாந்தின் ஹல் நகரில் படித்துக்கொண்டிருந்த கணவர் கிறிஸ்டோபர் நோய்வாய்ப்பட்டார். எய்ட்ஸ். நோரீன் அங்கே போனார். அந்த மருத்துவமனைச் செவிலியர்கள் கணவரைத் தொட்டு, முகம் கோணாமல் பார்த்துக்கொண்டதைக் கண்டார். கடைசி நாட்களுக்கு நாடு திரும்பினார்கள். உகாண்டாவில் அப்போது ‘ஸ்லிம்’ என்று கூப்பிட்ட அந்த நோய் வந்தவர்களைத் தொடவே மருத்துவமனை ஊழியர்களும் பயந்த காலம். 1987 ஜனவரியில் கிறிஸ்டோபர் இறந்தார். நான்கு பெண்பிள்ளைகள்.

அந்த ஆண்டே நோரீனும் சேர்ந்து 16 பேர் டாசோ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிருமி உள்ளவர்கள், மிச்சம் பேர் அந்த நோயில் யாரையாவது இழந்தவர்கள் அல்லது இழந்துகொண்டிருந்தவர்கள். ஒருவர் வீட்டில் கூடுவார்கள், பேசுவார்கள், பிரார்த்தனை செய்வார்கள். மருந்து என்று எதுவுமே அங்கே கிடைக்காத காலம் அது என்பதை மனதில் வைத்துக்கொண்டு படிக்கவேண்டும். குணப்படுத்த முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் செய்வதற்கு எவ்வளவு இருந்தது! வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, புண்ணைக் கழுவிவிடுவது, காசநோயும் வாய்ப்புண்ணும் வந்தால் உடனே வைத்தியம் செய்வது, சத்தாகச் சாப்பிட வழி பார்ப்பது, ஆணுறை பற்றிப் பேசுவது, உயில் எழுதவைப்பது. ஒதுக்கிவைத்த குடும்பத்தின் முன்னால் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது. செவிலியர் வேலையில் இதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியே பார்க்கிறார்கள். தொட்டவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துகொள்கிறார்கள். எந்தச் சுவரொட்டியும் அதைச் சொல்லித் தந்திருக்காது.

டாசோ நாடு முழுக்கப் பரவியது, நோயாளிகளே முன்னின்று நடத்தும் பராமரிப்புக்கு மற்ற நாடுகள் அதை வந்து பார்த்தன. நோரீன் பிறகு ஐ.நா.வின் எய்ட்ஸ் திட்டத்தில் பணியாற்றினார்.

உகாண்டாவில் அதே காலத்தில் வந்த இன்னொரு பெண்ணையும் சொல்லியே ஆகவேண்டும். பீட்ரிஸ் வேரே. 1991-ல் கணவர் இறந்த பிறகுதான் தனக்கும் கிருமி இருப்பது அவருக்குத் தெரிந்தது. கிருமி உள்ள பெண்களின் தேசியச் சங்கத்தை உருவாக்கியவர்களில் அவர் முக்கியமானவர். அந்தச் சங்கம் தாய்மார்களை நினைவுப் புத்தகம் எழுதவைத்தது. சாதாரண நோட்டு. நீ பிறந்த அன்றைக்கு மழை பெய்ததா, முதலில் என்ன சொல் பேசினாய், உன் அப்பா யார், எனக்கு எந்த ஊர், நம் நிலம் எங்கே இருக்கிறது, நான் இல்லாதபோது உன்னை யாரிடம் விட்டிருக்கிறேன் என்றெல்லாம் பிள்ளைக்கு எழுதி வைப்பது. படமும் ஒட்டலாம். எழுதத் தொடங்கிய தாய் ஏதாவது ஒரு பக்கத்தில் தன் நோயைச் சொல்லியே ஆகவேண்டும். பல தாய்மார்கள் பிள்ளைகளிடம் உண்மையைச் சொன்னது அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டுதான். பிள்ளைக்கு வேர் தெரிந்தது. நிலத்தின் விவரம் எழுத்தில் இருந்தது. வளர்ப்பவர் யார் என்பது முன்னாலேயே முடிவானது. அநாதையாகப்போகும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பை அந்தக் காலத்தில் எந்த அரசாங்கமும் கொடுக்கவில்லை.

மருந்து வந்தது பிறகு. 2000-ம் ஆண்டு வாக்கில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குக் கூட்டு மருந்தின் விலை 10,000 டாலருக்கு மேல். 2001-ல் நம் மும்பையின் சிப்லா நிறுவனம் அதை 350 டாலருக்குத் தருவதாக அறிவித்த பிறகுதான் ஆப்பிரிக்காவுக்கு அது எட்டும் தூரத்துக்கு வந்தது. வந்தபோது அதை வீடுவரை கொண்டுபோகத் தெரிந்த ஆட்களும் நம்பி வாங்கிக்கொள்ளும் நோயாளிகளும் உகாண்டாவில் தயாராக இருந்தார்கள். அந்த நம்பிக்கையை வெறுங்கையோடு பத்துப் பதினைந்து வருடம் கட்டியவர்கள் இந்தப் பெண்கள்.

காம்பியா விவகாரம் அண்மையில் நடந்தது என்பதால் பலருக்கு நினைவிருக்கலாம். அங்கே 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் ஏறக்குறைய 73 சதவீதம் பேருக்கு உறுப்புச் சிதைப்பு நடந்திருக்கிறது. 2015-ல் அதிபர் யாஹ்யா ஜாமே திடீரென்று தடை அறிவித்தார், அந்த ஆண்டு இறுதியில் சட்டமும் வந்தது. சர்வாதிகாரியின் ஒரு சொல்லில் வந்த சட்டம். அவர் பதவி இழந்து நாட்டைவிட்டுப் போனதும், அவர் கொண்டுவந்ததுதானே என்று பலர் அதை மதிக்காமல் விட்டார்கள். 2023-ல் முதல் முறையாக மூன்று பெண்களுக்குத் தண்டனை கிடைத்தது. அபராதத்தை ஓர் இமாம் கட்டினார், எதிர்ப்பு கிளம்பியது. 2024 மார்ச்சில் தடையை நீக்கும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. 42 பேர் ஆதரவு, 4 பேர் எதிர்ப்பு என்று இரண்டாம் வாசிப்பைத் தாண்டிக் குழுவுக்குப் போனது. ஒருமுறை தடை செய்துவிட்டு அதைத் திரும்பப் பெற்ற முதல் நாடாக ஆகிவிடுமோ என்று உலகமே பார்த்தது.

ஜூலை 15 அன்று அதே அவை மசோதாவை நிராகரித்தது. நான்கு மாதத்தில் இப்படி மாறியதற்கு வெளிநாடுகளின் அழுத்தம் ஒரு காரணம் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்த நான்கு மாதமும் குழுவின் முன்னால் மருத்துவர்களும், பாதிக்கப்பட்ட பெண்களும், சில மதத் தலைவர்களும் வந்து சாட்சி சொன்னார்கள். தன் உடம்பில் நடந்ததை ஆண்கள் நிறைந்த அவையில் எழுந்து சொல்லத் துணிந்த பெண்கள் ஒரு நாளில் உருவானவர்கள் அல்லர். 1984-ல் தொடங்கிய காம்கோட்ராப் என்ற அமைப்பின் இசத்து டூரே ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். அறுக்கும் தொழில் செய்யும் பாட்டிமார்களிடமே உட்கார்ந்து பேசி, 2007-லிருந்து அவர்கள் பொதுக்கூட்டத்தில் கத்தியைக் கீழே போட்டுச் சத்தியம் செய்யும் நிகழ்ச்சிகளை நடத்தியவர். அதே ஜாமே ஆட்சி 2010-ல் அவரைப் பிடித்துச் சிறையில் வைத்தது. அவர்மேல் போட்ட வழக்கு நிற்கவில்லை, விடுதலையானார். பின்னாளில் நாட்டின் துணை அதிபராகவும் ஆனார். அவருக்கு அடுத்த தலைமுறையில் ஜஹா டுகுரே. கைக்குழந்தையாக இருக்கும்போதே அறுத்துத் தைக்கப்பட்டவர், 15 வயதில் கல்யாணத்துக்காக நியூயார்க்குக்கு அனுப்பப்பட்டவர். 2013-ல் சிறுமிகளின் பாதுகாப்புக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கி, பிறந்த நாட்டுக்குத் திரும்பிப் போய் இளைஞர்களைச் சேர்த்தார். பையன்களையும் சேர்த்தார். 2024-ல் நாடாளுமன்ற வாசலில் நின்றவர்களில் பலர் அப்படி வளர்ந்த பிள்ளைகள்.

தடைச் சட்டம் செல்லாது என்று இப்போது அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். ஆகவே அந்தப் பெண்கள் மறுபடி ஆவணங்களைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றப் படி ஏறுகிறார்கள். இன்னொரு பக்கம் கிராமங்களில் கூட்டம் போடுவதும் நிற்கவில்லை. தீர்ப்பு எப்படி வந்தாலும் அறுப்பு நடப்பது கிராமத்தில், பாட்டியின் கையில், அதிகாலையில். அந்தப் பாட்டியோடு திண்ணையில் உட்கார்ந்து பேசவேண்டிய வேலை இன்னும் நிறையப் பாக்கி இருக்கிறது.